ரோபோ ஏன் நின்றது?

பெரிய மண்டபம். சுற்றிலும் கூட்டம். நடுவில் விரிப்பு போட்ட ஆடுகளம். இந்தப் பக்கம் மூன்று ரோபோக்கள். அந்தப் பக்கம் மூன்று ரோபோக்கள். ஆட்டம் தொடங்கியதும் ஆறும் பாய்கின்றன. பந்தை எடுக்கின்றன. எறிகின்றன. ஒன்றை ஒன்று முட்டித் தள்ளுகின்றன.

ஒரு ரோபோ எதிரியைத் தள்ளுகிறது. எதிரி அசையவில்லை. இதுவும் விடவில்லை. ஐந்து வினாடி ஆகிறது. பத்து வினாடி ஆகிறது. திடீரென்று அதன் விளக்கு அணைகிறது. ரோபோ சிலை மாதிரி நின்றுவிட்டது.

ஆட்டம் மொத்தமே இரண்டரை நிமிடம்தான். இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருக்கிறது. ஆனால் களத்துக்குள் போய் ரோபோவைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. அதைச் செய்த மாணவர்கள் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல வாரம் இரவு பகலாக உழைத்துச் செய்த ரோபோ அது.

மோட்டார் எரிந்துவிட்டதா? இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒயர் அறுந்துவிட்டதா? அதுவும் இல்லை. உள்ளங்கை அளவுள்ள ஒரு பிரேக்கர் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

பிரேக்கர் நம் வீட்டிலும் இருக்கிறது. பழைய வீடாக இருந்தால் பியூஸ் கட்டை இருக்கும். இரண்டும் செய்யும் காவல் ஒன்றுதான். அது ஏன் விழுகிறது, எப்போது விழுகிறது என்பதை ரோபோவை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

இது என்ன போட்டி?

அமெரிக்காவில் டீன் கேமன் என்று ஒருவர். புதிய கருவிகளைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல, பொறியியல் படிக்கும் பிள்ளைகளையும் கொண்டாட வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்காக 1989-ஆம் ஆண்டில் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் போட்டியை வகுக்க உதவினார். முதல் போட்டி 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் நடந்தது. 28 அணிகள் வந்தன. இப்போது பல நாடுகளிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் சேர்கின்றன. எல்லாரும் உயர்நிலைப் பள்ளி வயது மாணவர்கள்.

ஒவ்வொரு ஜனவரி மாதமும் புதிய ஆட்டம் அறிவிக்கிறார்கள். அதற்கேற்ற ரோபோவை மாணவர்களே செய்ய வேண்டும். எல்லா ரோபோவுக்கும் ஒரே வகைப் பேட்டரி. 12 வோல்ட், சுமார் 18 ஆம்பியர்-மணி. எடை ஏறக்குறைய 6 கிலோ. நம் ஊரில் கடைகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் பெரிய பேட்டரி 150 ஆம்பியர்-மணி. அதோடு ஒப்பிட்டால் இது எட்டில் ஒரு பங்குதான். பணக்காரப் பள்ளி பெரிய பேட்டரி வாங்கிப் போட்டு ஜெயிக்க முடியாது. நல்ல விதிதான்.

இந்தியாவில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 'ரோபோகான்' என்ற ஆசியப் போட்டிக்கு ரோபோ செய்கிறார்கள். அது 2002-இல் தொடங்கியது. 2008-இலும் 2014-இலும் புனே நகரில் நடந்தது. அங்கே வோல்ட்டுக்கு வரம்பு வைத்தார்கள்: 24 வோல்ட். அமெரிக்கப் போட்டியில் வோல்ட்டுக்கும் வரம்பு உண்டு, ஆம்பியருக்கும் வரம்பு உண்டு. நாம் பார்க்கப் போவது அந்த ஆம்பியர் வரம்பைத்தான்.

வோல்ட், ஆம்பியர், வாட்

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் தள்ளும். அந்தத் தள்ளும் வேகம்தான் வோல்ட். ஒரு வினாடியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அந்த அளவு ஆம்பியர். குழாயின் பருமன்தான் ஒயரின் பருமன்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடினால் 120 வாட். 746 வாட் சேர்ந்தால் ஒரு குதிரைத் திறன். இதைத்தான் பம்புசெட் கடையில் ஒரு எச்.பி. என்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் தண்ணீர்க் கதை போதாது. தண்ணீர் ஓடினால் குழாய் சூடாவதில்லை. கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். கரண்ட் மூன்று மடங்கு ஆனால் சூடு ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இது தேவைப்படும்.

மோட்டார் எவ்வளவு இழுக்கும்?

மோட்டாரின் மேல் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எச்.பி., வோல்ட், ஆம்பியர் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, மோட்டார் எப்போதும் அந்த ஆம்பியரைத்தான் எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டாருக்கு எவ்வளவு சுமை கொடுக்கிறோமோ அதற்குத் தகுந்த கரண்டை அது இழுக்கும்.

அமெரிக்கப் போட்டியில் பல ஆண்டுகள் பெரும்பாலான ரோபோக்களை ஓட்டியது ஒரே வகை மோட்டார். அதற்கு 'சிம்' மோட்டார் என்று பெயர். செல்போனில் போடும் சிம் வேறு, இது வேறு. ஒன்றேகால் கிலோ எடை. ஒரு டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிது. அதைச் சோதித்து அளந்த எண்களைப் பாருங்கள்.

சுமை ஏதும் இல்லாமல் சும்மா சுற்றவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,300 சுற்று சுற்றும். அப்போது இழுக்கும் கரண்ட் 2.7 ஆம்பியர். மிகவும் குறைவு.

அச்சில் சுமையைக் கூட்டினால் வேகம் குறையும். கரண்ட் ஏறும். வேகம் பாதியாகக் குறையும்போது கரண்ட் 68 ஆம்பியர். அந்த நேரத்தில்தான் மோட்டார் தன்னால் முடிந்த அதிகபட்ச வேலையைச் செய்கிறது. அது 337 வாட். அதாவது அரை எச்.பி.க்குச் சற்றுக் குறைவு.

இன்னும் சுமையைக் கூட்டி அச்சைச் சுற்றவே விடாமல் பிடித்துவிட்டால்? 133 ஆம்பியர்! சும்மா சுற்றும்போது இழுத்ததைப்போல 49 மடங்கு.

இது விசித்திரமாக இருக்கிறது அல்லவா? நன்றாகச் சுற்றும்போது கொஞ்சமாகக் குடிக்கிறது. சுற்றவே முடியாதபோது குடம் குடமாகக் குடிக்கிறது. ஏன்?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். அதைச் சுற்றினால் கரண்ட் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது? காந்தமும் கம்பிச் சுருளும். இந்த மோட்டாருக்குள் என்ன இருக்கிறது? அதே காந்தமும் கம்பிச் சுருளும்தான். அதனால் மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. பேட்டரி ஒரு பக்கமிருந்து கரண்டைத் தள்ளுகிறது. மோட்டார் எதிர்ப் பக்கமிருந்து தள்ளுகிறது. மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற எதிர்த்தள்ளல் கூடும். அதனால் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட்தான் உள்ளே வர முடியும்.

அச்சு நின்றுவிட்டால் டைனமோ வேலை நின்றுவிடும். எதிர்த்தள்ளல் இல்லை. வாசலில் காவல் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். கம்பிச் சுருளில் தடையும் மிகக் குறைவு. கரண்ட் வெள்ளமாகப் பாயும்.

விவசாய மோட்டார் இதைப்போல பேட்டரியில் ஓடுவதில்லை. அதன் அமைப்பு வேறு. ஆனாலும் இந்தக் குணம் அதற்கும் உண்டு. 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7 ஆம்பியர் எடுக்கும். சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் மோட்டார் நின்றுகொண்டுதானே இருக்கிறது? அப்போது அது ஆறு மடங்கு வரை இழுக்கும். அதாவது 40 ஆம்பியருக்கு மேல். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் நம் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குவது இதனால்தான். வேகம் பிடித்ததும் கரண்ட் இறங்கிவிடும். பம்பில் கல் சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றால் இறங்காது. 'உம்' என்று உறுமிக்கொண்டே நிற்கும். அதுதான் காயில் கருகும் நேரம்.

எங்கே போகிறது இவ்வளவு கரண்டும்?

மறுபடியும் சிம் மோட்டாரைப் பார்ப்போம். 68 ஆம்பியர் இழுக்கும்போது அது பேட்டரியிலிருந்து எடுப்பது 816 வாட். திருப்பித் தரும் வேலை 337 வாட். மீதி 479 வாட் எங்கே? அத்தனையும் சூடு.

முட்டி நிற்கும்போது இன்னும் மோசம். 133 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 1,600 வாட். அச்சு சுற்றவே இல்லை. ஆகவே வேலை பூஜ்யம். 1,600 வாட்டும் சூடுதான். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பி பொதுவாக 1,500 வாட். அப்படிப்பட்ட கம்பியைத் தண்ணீர் இல்லாமல் ஒரு டம்ளர் அளவுள்ள இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடியது போல. சில வினாடி தாங்கும். அதற்கு மேல் புகைதான் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 40 ஆம்பியர் இழுக்கும்போது இந்த மோட்டார் ஏறக்குறைய 275 வாட் வேலை செய்கிறது. 68 ஆம்பியரில் 337 வாட். கூடுதலாகக் கொடுத்தது 28 ஆம்பியர். கூடுதலாகக் கிடைத்த வேலை 60 வாட் சொச்சம். கூலியை முக்கால் பங்கு கூட்டிக் கொடுத்தும், வேலை கால் பங்குகூடக் கூடவில்லை. கரண்டை அள்ளிக் கொடுத்தால் பலம் அள்ளி வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

பிரேக்கர் என்ன பார்க்கிறது?

போட்டி விதி இப்படிச் சொல்கிறது. பேட்டரியிலிருந்து கரண்ட் முதலில் ஒரு பெரிய பிரேக்கர் வழியாக வர வேண்டும். அதன் அளவு 120 ஆம்பியர். ரோபோ முழுவதற்கும் அது ஒன்றுதான். அதிலிருந்து கிளை பிரிந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாகச் சின்ன பிரேக்கர். மோட்டாருக்கு அதிகபட்சம் 40 ஆம்பியர் பிரேக்கர்தான் போடலாம்.

இப்போது ஒரு கேள்வி வரும். 40 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறதே, 41 ஆம்பியர் ஆனவுடன் விழுந்துவிடுமா?

விழாது. பிரேக்கர் ஆம்பியரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அது சூட்டைத்தான் பார்க்கிறது. அதற்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. இரண்டு விதமான உலோகத்தை ஒட்டிச் செய்தது. சூடு பட்டால் எல்லா உலோகமும் நீளும். ஆனால் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். ஒட்டியிருப்பதால் தகடு வளையும். போதுமான அளவு வளைந்ததும் 'டக்' என்று இணைப்பிலிருந்து விலகும். கரண்ட் நின்றுவிடும்.

தகடு சூடாக நேரம் வேண்டும் அல்லவா? அதனால் 40 ஆம்பியர் பிரேக்கர் 80 ஆம்பியரைச் சில வினாடிகள் பொறுத்துக்கொள்ளும். கரண்ட் இன்னும் அதிகமானால் பொறுமையும் குறையும். இரண்டு மடங்கு கரண்டுக்கு நான்கு மடங்கு சூடு என்று பார்த்தோமே, அது இங்கே வேலை செய்கிறது.

இந்தப் பொறுமை ஒரு குறை அல்ல, வேண்டியே வைத்தது. இல்லாவிட்டால் எந்த மோட்டாரையும் கிளப்பவே முடியாது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் பிரேக்கர் விழும்.

உங்கள் வீட்டு எம்.சி.பி.யைப் பாருங்கள். அதன் முகத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 'சி' என்ற எழுத்தும் 16 என்ற எண்ணும் இருந்தால், அது 16 ஆம்பியர் பிரேக்கர். 'சி' என்றால் ஐந்து மடங்கு வரை ஒரு நொடி பொறுக்கும் என்று பொருள். 'பி' என்றிருந்தால் பொறுமை அதைவிடக் குறைவு. மோட்டார் உள்ள இடத்துக்குப் பெரும்பாலும் 'சி' வகைதான் போடுவார்கள். எம்.சி.பி.க்குள் வளையும் தகட்டோடு ஒரு காந்தச் சுருளும் இருக்கிறது. இரண்டு ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தகடு சூடாகும்வரை காத்திருக்க முடியாது. காந்தம் கண் இமைக்கும் நேரத்தில் இழுத்து நிறுத்திவிடும்.

ரோபோவின் சின்ன பிரேக்கர் ஆறியதும் தானாகவே சேர்ந்துகொள்ளும். மோட்டார் சில வினாடி தூங்கிவிட்டு எழுந்திருக்கும். 120 ஆம்பியர் பிரேக்கர் அப்படி இல்லை. விழுந்தால் விழுந்ததுதான். ஒரு ஆள் கை வைத்துத்தான் தூக்கிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே யார் போய்த் தூக்குவது?

இன்னொன்றும் உண்டு. பிரேக்கருக்கு ஒரு விதத்தில் ஞாபகம் இருக்கிறது. போன ஆட்டத்தில் சூடானது ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கினால், அது சீக்கிரமே விழும். ஒயரை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும். அந்தச் சூடு பிரேக்கருக்குள் போகும். கரண்ட் அளவோடுதான் ஓடும், ஆனாலும் பிரேக்கர் விழும். பியூஸ் கட்டையின் ஓரம் கருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் பல இடங்களில் காரணம் தளர்ந்த திருகுதான்.

பெரிய பிரேக்கர் போட்டால் என்ன?

40 போதவில்லை என்றால் 60 போட்டுக்கொள்ளலாமே? எந்த அணிக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. விதி விடாது. ஏன் விடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரேக்கர் மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது என்று நாம் நினைக்கிறோம். அதன் முதல் வேலை அது அல்ல. அது ஒயரைக் காக்கிறது. ஒயர் சூடாகி மேலே உள்ள பிளாஸ்டிக் உருகி நெருப்புப் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் எந்த பிரேக்கருக்கு எவ்வளவு பருமனான ஒயர் என்று விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள். 40 ஆம்பியர் பிரேக்கருக்குச் செம்புக் கம்பி குறைந்தது 3.3 சதுர மில்லிமீட்டர். 30-க்கு 2 சதுர மில்லிமீட்டர் சொச்சம். பேட்டரியிலிருந்து வரும் பெரிய ஒயர் 13 சதுர மில்லிமீட்டர். போட்டிக்கு முன் பரிசோதகர்கள் வந்து ஒயரையும் பிரேக்கரையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெரிய பிரேக்கரை அமுக்கி அணைக்கும் பட்டன் வெளியே கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் களத்துக்குள் விடமாட்டார்கள்.

இந்த அளவை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ரோபோவில் ஒயர் இரண்டு முழம். திறந்த காற்றில் இருக்கிறது. இரண்டரை நிமிடம்தான் ஓடுகிறது. வீட்டு ஒயர் சுவருக்குள் குழாயில் அடைந்து கிடக்கிறது. மணிக்கணக்கில் ஓடுகிறது. அதனால்தான் வீட்டில் விளக்குக்குப் போகும் ஒன்றரை எம்எம் ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறார்கள். பவர் பிளக்குக்குப் போகும் இரண்டரை எம்எம் ஒயருக்கு 16 போடுகிறார்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று சிலர் பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அதன்பின் பியூஸ் போகாது. உண்மைதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயரைவிட பியூஸ் கம்பி பலமாகிவிட்டது. இனிமேல் கரண்ட் மிஞ்சினால் உருக வேண்டியது எது? ஒயர். அது கூரைக்குப் பக்கத்தில் போகும். வைக்கோல் போர் பக்கத்தில் போகும். பிள்ளைகள் தூங்கும் அறைச் சுவரிலும் போகும். பியூஸ் கம்பி போனால் சில்லறைச் செலவு. மெல்லிய பியூஸ் கம்பி பலவீனமாக இருப்பதுதான் அதன் வேலை.

விவசாய மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓவர்லோட் ரிலே என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் இதே வளையும் தகடுதான். அது மட்டும் மோட்டாரின் காயிலைக் காக்கவே வைத்தது. அதில் ஆம்பியரைத் திருப்பி வைக்க ஒரு குமிழ் உண்டு. மோட்டார் தகட்டில் 7.5 என்று இருந்தால் குமிழையும் அதற்கே வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று 10-க்குத் திருப்பி வைத்தால் ரிலே விழாது. காயில் கருகும். காயில் கட்டக் கொடுத்தால் பணமும் போகும். திரும்பி வரும்வரை பயிரும் காயும்.

நான்கு மோட்டார், ஒரு வாசல்

ரோபோவுக்கு வருவோம். ஒரு மோட்டார் போதாவிட்டால் நான்கு போடலாம். விதி தடுக்கவில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு சிம் மோட்டார் போடுவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. ஆறு போட்டவர்களும் உண்டு.

நான்கு மோட்டாரும் ஆளுக்கு 40 ஆம்பியர் இழுத்தால் 160. எல்லாம் ஒரே 120 ஆம்பியர் பிரேக்கர் வழியாகத்தான் வர வேண்டும். பந்து எறியும் மோட்டார், தூக்கும் மோட்டார் எல்லாவற்றுக்கும் அதே வாசல்தான். கொஞ்ச நேரம் பொறுக்கும். பிறகு விழும். கிளைகளில் ஒரு பிரேக்கரும் விழாமல் தலைவாசல் பிரேக்கர் மட்டும் விழுவது இப்படித்தான். முதலில் பார்த்த ரோபோ நின்றதற்கும் காரணம் இதுதான்.

பேட்டரிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதிகமாக இழுத்தால் அதன் வோல்ட் இறங்கும். 200 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரி எட்டு வோல்ட்டுக்கும் இறங்கிவிடலாம். ஏழுக்கும் கீழே போனால் ரோபோவின் கணினி தன் உயிரைக் காத்துக்கொள்ள மோட்டார்களுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். வண்டி விக்கி விக்கி ஓடும்.

2019, 2020-ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு புது வகை மோட்டார்கள் வந்தன. அவற்றில் கார்பன் பிரஷ் கிடையாது. சில மோட்டார்கள் ஒரு எச்.பி.யையும் தாண்டுகின்றன. முட்டி நின்றால் 250 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன. ஆனால் பேட்டரி அதேதான். பிரேக்கர் 120-ம் 40-ம் அதேதான். இவற்றை ஓட்டும் சின்னப் பெட்டிக்குள் ஒரு கட்டளை எழுதிவைக்கலாம். 'இத்தனை ஆம்பியருக்கு மேல் கொடுக்காதே' என்று. பிரேக்கர் விழுவதற்கு முன்பே ரோபோ தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும்.

பல்சக்கரத்தின் வேலை

கட்டளை எழுத முடியாத காலத்தில் என்ன செய்தார்கள்? பல்சக்கரத்தை மாற்றினார்கள். இப்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பஸ் மலை ஏறும்போது டிரைவர் என்ன செய்கிறார்? முதல் கியருக்கு மாற்றுகிறார். வேகம் குறைகிறது. இழுவை கூடுகிறது. நான்காவது கியரிலேயே ஏறினால் என்ஜின் திணறி நின்றுவிடும். மோட்டார் திணறினால் உடனே நிற்காது. கரண்டை இழுத்துக்கொண்டே நிற்கும். வித்தியாசம் அதுதான்.

ஒரு ரோபோவின் மொத்த எடை ஏறக்குறைய 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் பத்து சென்டிமீட்டர் அகலம். நான்கு சிம் மோட்டார். மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று பல்சக்கரம் அமைத்தால், ரோபோ வினாடிக்கு நாலரை மீட்டர் வரை பாயும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எதிரியை முட்டித் தள்ளும்போது ஒவ்வொரு மோட்டாரும் 100 ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும். நான்கும் சேர்ந்து 400-ஐ நெருங்கும். பேட்டரி படுத்துவிடும், இல்லாவிட்டால் பிரேக்கர் விழும்.

பதினைந்துக்கு ஒன்று என்று மாற்றினால்? ரோபோவின் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே வந்துவிடும். ஆனால் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கும்போதே சக்கரத்தின் பிடி தரையில் விட்டுவிடும். சக்கரம் வழுக்கிச் சுற்றும். எதிரி அசையாவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அளவோடுதான் குடிக்கும் என்று பார்த்தோமே.

வழுக்கும் சக்கரத்தைப் பார்த்தால் நமக்கு வீண் என்று தோன்றும். இங்கே அந்த வழுக்கல்தான் ரோபோவைக் காக்கிறது. சில அணிகள் இரண்டு கியர் வைத்திருக்கின்றன. ஓட ஒன்று, தள்ள ஒன்று. மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடுகிறார்கள்.

ஆட்டம் முடிந்தது. நின்றுபோன ரோபோவை இரண்டு மாணவர்கள் தள்ளுவண்டியில் வைத்துத் தங்கள் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. ஒரு மாணவி மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். நான்கும் சுடுகின்றன. இன்னொருவன் பிரேக்கரின் திருகுகளை இறுக்குகிறான். அவை இறுக்கமாகத்தான் இருக்கின்றன. அப்படியென்றால் தவறு திருகில் இல்லை. வண்டியை ஓட்டிய பையனிடம், எத்தனை வினாடி முட்டிக்கொண்டு நின்றாய் என்று கேட்கிறார்கள். அவன் தயங்கிச் சொல்கிறான், பத்து இருக்கும் என்று.

மூன்று வினாடிக்கு மேல் யாரையும் முட்டாதே, விலகிச் சுற்றிப் போ என்று முடிவு செய்கிறார்கள். ஒருத்தி மோட்டார்களுக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறியைப் பிடிக்கிறாள். மற்றொருத்தி பெட்டியிலிருந்து வேறு பல்சக்கரத்தை எடுத்து, பற்களை எண்ணத் தொடங்குகிறாள்.